ஏழாவது மாடி, இரண்டு வயதுக் குழந்தை: ஜன்னலுக்குக் கொசுவலை போதுமா?

ஏழாவது மாடியில், ஸ்லைடிங் ஜன்னல்களில் கொசுவலை மட்டும் உள்ள வாடகை வீட்டுக்கு இரண்டு வயதுக் குழந்தையோடு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிரில் போடாமல் போக வேண்டாம். குழந்தை சாய்ந்தால் வலை கிழிய வேண்டும் என்பதுகூட இல்லை. வலையைத் தாங்கும் சட்டமே தடத்திலிருந்து கழன்றுவிடும். வலைதான் இருக்கிறதே என்ற நினைப்பில் கண்ணாடியைத் திறந்தே விட்டுவிடுகிறோம் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

சென்னைப் புறநகரில் நாங்கள் வாங்கிய அடுக்ககத்தில், முகப்பின் அழகு கெடும் என்று சொல்லி, ஜன்னலுக்கு வெளியே கிரில் வைக்கக் குடியிருப்போர் சங்கம் தடை விதித்திருந்தது. என் மகள் சோபாவின் முதுகில் ஏறத் தொடங்கியிருந்த சமயத்தில் நான் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தபோது, செயற்குழுவில் ஒருவர், "ஏம்மா, வீட்டில் இருக்கும் நீங்கள் பார்த்துக்கொள்ள மாட்டீர்களா?" என்றார். அவர் வீட்டு பால்கனியில் புறாவுக்குப் பயந்து வலை கட்டியிருந்தது. அது மட்டும் முகப்பைக் கெடுக்கவில்லை போலும். பல மாத இழுபறிக்குப் பின், உட்புறம் வெள்ளை நிறத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள்.

இங்கும் அதே கேள்வியைக் கேட்க யாரேனும் வருவார்கள் என்பதால் சொல்கிறேன். நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, ஜன்னலிலிருந்து விழும் குழந்தைகளுக்காக 1972-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கி, வீடு தேடிச் சென்று பெற்றோரிடம் பேசியதோடு, ஆபத்து மிகுந்த பகுதிகளில் ஜன்னல் தடுப்புகளை இலவசமாகவும் கொடுத்தது. அந்நகரின் பிராங்க்ஸ் பகுதியில் இத்தகைய விபத்துகள் 1973-க்கும் 1975-க்கும் இடையில் பாதியாகக் குறைந்தன. எடுத்துச் சொன்னதும் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 1976-இல் அந்நகரம் விதியாக்கியது அறிவுரையை அன்று, தடுப்பை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடத்தில், 10 வயதோ அதற்குக் குறைவோ உள்ள குழந்தை குடியிருந்தால், தடுப்பு பொருத்துவது கட்டட உரிமையாளரின் பொறுப்பு.

நான் கட்டடத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. பட்டறைக்காரரிடம் பேசும்போது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். கம்பிகள் நெடுக்காக இருக்கட்டும். கிடைக்கம்பிகளில் குழந்தை ஏணிபோல் ஏறிவிடும். திருகுகள் பிளாஸ்டிக் சட்டத்தில் அல்லாமல் சுவரில் இறங்க வேண்டும். 'இன்விசிபிள் கிரில்' என்று விற்கும் கம்பி வடங்களைத் தேர்ந்தெடுத்தால், அவை தளர்ந்திருக்கின்றனவா என்று அவ்வப்போது இழுத்துப் பார்க்க வேண்டும். தீ விபத்தின்போது வெளியேறுவதற்காக ஒரு ஜன்னலில் மட்டும் திறக்கக்கூடிய கதவு வைத்து, அதன் சாவியைப் பெரியவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். கிரில்லே எமன் என்று வாதிடுவோர் சொல்வதில் நியாயமான பகுதி இது ஒன்றுதான். கட்டிலையும் சோபாவையும் ஜன்னலடியிலிருந்து நகர்த்துவதற்குச் செலவே இல்லை.

உங்களுடையது வாடகை வீடு என்பதால், யார் செலவில் கிரில் போடுவது, காலி செய்யும்போது அதைக் கழற்ற வேண்டுமா, சங்கத்தின் அனுமதியை யார் வாங்குவது ஆகிய மூன்றையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் பேசி, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு உங்கள் தொலைபேசி அழைப்பை அவர் எடுப்பார் என்று நம்ப வேண்டாம்.