பூசணி வண்டுக்கு ஏன் இரண்டு பெயர்? ரபிடோபல்பாவா, அவுலக்கோபோராவா?

கேள்வி இதுதான்: பூசணி, பாகல் கன்றுகளைத் தின்னும் சிவப்பு வண்டை ஒரு புத்தகம் ரபிடோபல்பா என்கிறது, இன்னொன்று அவுலக்கோபோரா என்கிறது. இரண்டு வண்டா, ஒரே வண்டா, எந்தப் பெயரை எழுத வேண்டும்?

ஒரே வண்டுதான். இன்றைக்கு எழுத வேண்டிய பேரினப் பெயர், அதாவது அறிவியல் பெயரின் முதற்சொல், அவுலக்கோபோரா. (எங்கள் இலங்கைப் பாடநூல்களில் பேரினத்தைச் சாதி என்றும் சிற்றினத்தை இனம் என்றும் படித்தோம். இங்கே பேரினம், இனம் என்றே எழுதுகிறேன்.) ஆனால் ரபிடோபல்பா என்று அச்சிட்ட பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்தக் கேள்விக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. எங்கள் ஊர் இணுவில். பெரியப்பாவின் தோட்டத்தில் பூசணி விதை போட்டு, வித்திலை இரண்டும் விரிந்த மூன்றாம் நாளே இந்த வண்டு வந்துவிடும். விடிந்ததும் பனி காயும் முன் போய் இலைமேல் அடுப்புச் சாம்பல் தூவுவோம். வெயில் ஏறிவிட்டால் கிட்டப் போகும்போதே பறந்துவிடும். பிறகு நான் படிக்கப் போன இடத்தில் பூச்சிகளைச் சேகரித்து, ஊசி குத்தி, பெயர்ச்சீட்டோடு பெட்டியில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் முதலில் பிடித்தது இதைத்தான். சீட்டில் அவுலக்கோபோரா என்று எழுதினேன். சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார்கள். கையேட்டில் ரபிடோபல்பா என்று இருந்ததுதான் காரணம். அன்றைக்கு மிகவும் மனம் நொந்தது. வீட்டில் சொன்னபோது பெரியப்பா, "தம்பி, நீ என்ன பேர் வைச்சாலும் அது கன்றைத் திண்டுபோட்டுத்தான் போகும்" என்றார். இருந்தாலும் எனக்கு விட மனமில்லை. தேடத் தொடங்கினேன்.

தேடினால் கதை பாரிசில், நெப்போலியனின் படைத்தளபதி ஒருவரிடம் போய் நிற்கிறது. பியேர் டெஜான் என்று பெயர். போர்க்களத்திலும் வண்டு பிடித்தவர். 1809-இல் ஸ்பெயினில் அல்கனிஸ் போரின்போது, தாக்குதலுக்குக் கட்டளை கொடுக்கும் வேளையில் பூவில் அரிய வண்டொன்றைக் கண்டு குதிரையை விட்டு இறங்கி, அதைத் தலைக்கவசத்துக்குள் குத்தி வைத்துக்கொண்டு போருக்குப் போனார் என்று பூச்சியியலாளர்கள் இன்றும் சொல்வார்கள். 1837 அளவில் அவரிடம் 22,399 இன வண்டுகள் இருந்தன. அந்தச் சேகரிப்புக்கு அவர் போட்ட பட்டியல்தான் எங்கள் வண்டின் பேரினப் பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ். அதில் அவுலக்கோபோரா என்ற பெயரைக் கொடுத்தவர் ஒகுஸ்த் செவ்ரோலா என்ற பூச்சியியலாளர். அதனால்தான் முறையாக எழுதும்போது "டெஜானில் செவ்ரோலா, 1836" என்று இருவர் பெயரும் சேர்ந்து வரும்.

இதில் ஒரு விசித்திரம். அந்தப் பட்டியலில் பேரினத்துக்கு விளக்கமே கிடையாது. இப்படியான உடல், இப்படியான கால் என்று ஒரு வரிகூட இல்லை. பெயரும் அதன் கீழே இனங்களின் வரிசையும் மட்டும்தான். அப்படியானால் அந்தப் பெயர் எப்படிச் செல்லும்? விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளில் அதற்கு இடம் உண்டு. 1931-க்கு முன் வந்த பேரினப் பெயரின் கீழ், ஏற்கெனவே முறைப்படி பெயர் பெற்ற இனம் ஒன்றாவது சேர்க்கப்பட்டிருந்தால் போதும். அந்த இனத்துக்கு முன்பே எழுதப்பட்ட விளக்கம் பேரினத்தையும் தாங்கி நிற்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முந்திய பெயருக்கே முதலுரிமை என்ற கொள்கையை டெஜான் ஏற்கவில்லை. பலரும் வழங்கும் பெயரே நிலைக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அதே முதலுரிமை விதிதான் இன்று அவர் பட்டியலில் வந்த பெயர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது!

பெயர்களின் பொருளைப் பார்த்தால் குழப்பம் எங்கே பிறந்தது என்பது தெரியும். அவுலக்கோபோரா முழுக்கக் கிரேக்கம்; ரபிடோபல்பாவின் முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன். அவுலக்ஸ் என்றால் உழுத சால், போரா என்றால் தாங்குவது. சால் தாங்கி! வண்டின் தலைக்குப் பின்னால் உள்ள கழுத்துத் தகட்டில் குறுக்கே ஒரு பள்ளம் ஓடும். கைவில்லையை வைத்துப் பாருங்கள், செம்மண்ணில் கலப்பை கீறிய கோடு மாதிரியே இருக்கும். ரபிஸ் என்றால் ஊசி. ரபிடோபல்பா என்பது வாயருகே உள்ள சிறு உணரிகள் ஊசிபோலக் கூர்மையானவை என்று சொல்லும் பெயர். ஒரு பெயர் கழுத்தைப் பார்த்து வந்தது, இன்னொன்று வாயைப் பார்த்து வந்தது. இதேபோல வேறு உறுப்புகளைப் பார்த்துப் பிரித்தவர்கள் பரவுலக்கா, ஓர்தவுலக்கா, செராஷியா என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். பிற்பாடு நிறைய இனங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது இந்த வேறுபாடுகள் தனிப் பேரினம் ஆக்கும் அளவுக்குப் போதாது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் அவுலக்கோபோராவுக்குள் சேர்த்தார்கள். மற்றப் பெயர்கள் மாற்றுப் பெயர்களாக நின்றன. எனக்கு இது நியாயமான முடிவாகவே படுகிறது.

இனப் பெயரிலும் இழுபறி உண்டு. நீங்கள் ஃபோவெயிகோலிஸ் என்றும் இண்டிகா என்றும் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். முதலாவது, அல்ஜீரியாவுக்குப் போன பிரெஞ்சு ஆய்வுக் குழுவில் இருந்த இப்போலித் லூக்கா 1849-இல் சூட்டியது. குழிந்த கழுத்து என்று பொருள். மறுபடியும் அதே பள்ளம். இரண்டாவது, உயிரினங்களுக்கு இருசொல் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் நூலை விரித்துப் பதிப்பித்த க்மெலின் 1790-இல் வைத்தது. தெற்காசிய வேளாண் நூல்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மேலே செம்மஞ்சள், புரட்டினால் வயிறு கறுப்பு, அதில் மெல்லிய வெண்மயிர் என்பது தோட்டத்தில் அடையாளம் காணப் போதும். இந்தப் பேரினத்தில் நிறத்தை மட்டும் நம்பி இனம் பிரிக்க முடியாது. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டிவரும்.

இண்டிகா ஏன் இண்டிகஸ் ஆகவில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவுலக்கோபோரா பெண்பால் சொல். எழுவாய்க்கு ஏற்ப எங்கள் வினைமுற்றின் பால் மாறுவதுபோல, அங்கே பேரினத்துக்கு ஏற்ப இனப் பெயரின் ஈறு மாறும்.

பேரினத்துக்கு மேலே உள்ள வகைப்பாட்டுப் படிகள் எளிது. குடும்பம் கிரைசோமெலிடே, அதாவது இலைவண்டுகள், உபகுடும்பம் கலெருசினே. இரண்டும் 1802-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய் வகுத்தவை. வீட்டில் பயற்றுப் போத்தலுக்குள் ஊரும் பயற்று வண்டையும் இப்போது இந்த இலைவண்டுக் குடும்பத்துக்குள்தான் வைக்கிறார்கள். இலங்கையையும் உள்ளடக்கிய பிரித்தானிய இந்திய விலங்கின நூல்வரிசையில் இலைவண்டுகளின் முதல் தொகுதியை எழுதியவர் மார்ட்டின் ஜாக்கோபி. தொழிலால் இசைக் கலைஞர். அவர் இறந்த மறு ஆண்டு, 1908-இல்தான் அது அச்சேறியது. எங்கள் வண்டின் உபகுடும்பத்துக்குரிய தொகுதியைச் சமரேந்திர மவுலிக் 1936-இல் கொண்டுவந்தார்.

ஆகவே கட்டுரையோ பெயர்ச்சீட்டோ எழுதும்போது அவுலக்கோபோரா என்று எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் லூக்கா, 1849 என்று இருந்தால் அதை அப்படியே விடுங்கள். அவர் முதலில் வேறு பேரினத்தில் வைத்தார் என்பதற்கு அந்த அடைப்புக்குறியே அடையாளம். தேடும்போது மட்டும் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். பழைய வேளாண் அறிக்கைகள் பல ரபிடோபல்பா என்ற பெயரின் கீழேதான் கிடைக்கும். முட்டை வேரடி மண்ணில், புழு வேரைத் தின்னும் என்ற விவரங்களெல்லாம் அங்கே நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன.

என் பழைய பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. அந்த வெட்டிய சீட்டை எடுக்கவில்லை. அதன் கீழே இன்னொரு சீட்டுக் குத்தி, இரண்டு பெயரையும் ஆண்டோடு எழுதி வைத்திருக்கிறேன்.