தனி நகரமாக இருந்த புரூக்ளின் ஏன் நியூயார்க்கின் 'பரோ' ஆனது?

பரோ என்பது ஒரு பெருநகருக்குள் உள்ள பெரிய நிர்வாகப் பிரிவு. நியூயார்க்கின் 5 பரோக்களில் மக்கள்தொகை அதிகமுள்ளது புரூக்ளின்.

1646-இல் டச்சுக்காரர்கள் அமைத்த சிற்றூர் இது. 1814-இல் கிழக்கு ஆற்றில் நீராவிப் படகு ஓடத் தொடங்கியதும், அக்கரையில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேலை, இக்கரையில் வீடு என்று மக்கள் குடியேறினார்கள். 1834-இல் நகரமாகி, 1855-இல் பக்கத்து ஊர்களான வில்லியம்ஸ்பர்க்கையும் புஷ்விக்கையும் சேர்த்துக்கொண்டது.

நியூயார்க்குடன் இணைந்ததற்கு, மன்ஹாட்டனுக்குச் செல்ல 1883-இல் திறந்த புரூக்ளின் பாலத்தைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் பெரிய நெருக்கடி பணத்தில் இருந்தது. சொத்து மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் நகரங்கள் கடன் வாங்கக் கூடாது என்பது மாநில விதி. புரூக்ளின் அந்த வரம்பை முட்டிக்கொண்டிருந்தது. குடிநீருக்கும் தட்டுப்பாடு. ஆனாலும் 1894 வாக்கெடுப்பில் புரூக்ளினில் இணைப்பு வென்றது வெறும் 277 வாக்குகளில்! 1898 ஜனவரி 1 அன்று இணைந்தது.

தனிக்குடித்தனம் நடத்திய தம்பி, கடன் கழுத்தை நெரிக்கவே கூட்டுக் குடும்பத்துக்குத் திரும்பியதுபோல: அறை தனி, கல்லாப்பெட்டி ஒன்று.

கிங்ஸ் கவுண்டியை (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) பலர் வேறு ஊர் என்று நினைக்கிறார்கள்; அதற்கும் புரூக்ளினுக்கும் எல்லை ஒன்றேதான்.