‘ரஃப் டைமண்ட்ஸ்’ தொடர் பார்க்கலாமா? வைர வியாபாரக் குடும்பங்கள் உண்மையில் அப்படித்தானா?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். நெட்ஃபிளிக்ஸில் இருக்கிற ‘ரஃப் டைமண்ட்ஸ்’ பார்க்கத் தகுந்ததா என்பது ஒன்று. கல் வியாபாரம் செய்கிற குடும்பங்கள் நிஜமாகவே அந்த மாதிரித்தானா என்பது மற்றது.

முதலாவதுக்குப் பதில் சுருக்கம்: கட்டாயம் பாருங்கள். இரண்டாவதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நான் கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடைக் குடும்பமொன்றில் பிறந்து வளர்ந்தவன். மாமா கல் வியாபாரி. வைரம் எங்கள் மண்ணில் கிடைப்பதில்லை. இரத்தினபுரிப் பக்கம் தோண்டினால் வருவது நீலக்கல், புஷ்பராகம், வைடூரியம். ஆனாலும் கல்லை நம்பிச் சோறு தின்கிற வீட்டுக்குள் என்ன கதைப்பார்கள், எதைக் கதைக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இந்தத் தொடர் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 2023இல் வந்த பெல்ஜிய-இஸ்ரேலியத் தொடர், எட்டே எபிசோட். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்தில் வைர வியாபாரம் செய்யும் வொல்ஃப்சன் என்ற கடும் ஆசாரமான யூதக் குடும்பம். கடைசி மகன் யாங்கி தற்கொலை செய்துகொள்கிறான். மதத்தையும் வீட்டையும் விட்டுப் பதினைந்து வருடம் முன்பு லண்டனுக்குப் போன அண்ணன் நோவா, தன் சிறுவயது மகனோடு திரும்பி வருகிறான். வந்து பார்த்தால் குடும்பத் தொழில் கடனில் மூழ்கிக் கிடக்கிறது. தம்பி யாரிடம் எவ்வளவு வாங்கினான் என்பது வீட்டில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. இதற்கு மேல் சொன்னால் உங்களுக்குப் பார்க்கிற சுவை போய்விடும்.

குற்றத் தொடர் என்று போட்டிருப்பதால் பலர் இதைத் துப்பாக்கி, கொள்ளை என்று நினைத்துப் பார்க்கிறார்கள். அதுவும் இருக்கிறது. ஆனால் என்னைப் பொறுத்தவரை கதையின் உயிர், அந்தக் கடனை வீட்டார் ஒருவருக்கொருவர் மறைக்கிற விதத்தில் இருக்கிறது. வேறு வியாபாரத்தில் நட்டம் வந்தால் வங்கிக்கு ஓடலாம், நாலு பேரிடம் சொல்லி அழலாம். கல் வியாபாரத்தில் “அவங்களுக்குக் கை இறுக்கமாம்” என்று ஒரு பேச்சு வெளியே போனால் போதும், அடுத்த நாள் காலை கல் தர ஆள் இராது. அதனால் நட்டப்பட்டவன் வாயை மூடிக்கொள்கிறான். பிறகு மனைவியிடமும் மறைக்கிறான், அண்ணனிடமும் மறைக்கிறான். மறைக்கிறதுக்காகவே இன்னொரு இடத்தில் கடன் வாங்குகிறான். யாங்கி தவறான ஆட்களிடம் போய் மாட்டியதைப் பார்த்து “இவ்வளவு பெரிய குடும்பத்துப் பிள்ளை எதற்கு அங்கே போனான்” என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரிய குடும்பம் என்பதால்தான் போனான்.

ஏன் இந்தத் தொழில் இப்படி என்று விளங்க, கல் எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும். மாமா கல் பார்ப்பது காலையில்தான், ஜன்னலோர மேசையில். வெள்ளைத் தாள் விரித்திருக்கும். தரகர் சட்டைப் பையிலிருந்து ஒரு மடிப்பை எடுப்பார். சாதாரண வெள்ளைத் தாளை ஒரு முறையாக மடித்து, உள்ளே மெல்லிய இன்னொரு தாள் வைத்தது. வைரமென்றால் அந்த உள்தாள் லேசான நீலமாக இருக்கும், கல் வெள்ளையாகத் தெரியட்டும் என்று. வெளியே பென்சிலால் எடை எழுதியிருக்கும், கரட் கணக்கில். ஐந்து கரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம். மாமா சாமணத்தால் கல்லை எடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் பார்ப்பார். விலை பேச்சு வரும். உடனே தீராவிட்டால் “வைச்சுக் காட்டிட்டுத் தாங்கோ” என்று தரகர் கல்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வீடு வாங்குகிற பெறுமதியான சரக்கு அங்கே இருக்கும். பலநேரம் ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான், சிலநேரம் அதுவும் இல்லை.

ஆண்ட்வெர்ப்பிலும் இதே வழக்கம்தான். அங்கே விலை தீர்ந்ததும் கைகொடுத்து “மஸல்” என்று சொல்வார்கள், எபிரேய மொழியில் அதிர்ஷ்டம் என்று அர்த்தம். சொன்னால் முடிந்தது, எழுத்துத் தேவையில்லை. யூதர் அல்லாத வியாபாரிகளும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல், வைரச் சந்தையின் உள்ளேயே நடுவர்கள் வைத்துத் தீர்ப்பார்கள். வாக்குத் தவறியவரைச் சந்தையிலிருந்து நீக்கிவிட்டால், உலகத்தில் மற்றச் சந்தைகளுக்கும் அந்தப் பெயர் போய்விடும். அதற்கப்புறம் அவருக்கு மட்டுமல்ல, அவருடைய பிள்ளைக்கும் கதவு திறப்பது கஷ்டம்.

எங்களுக்கும் அப்படி ஒன்று நடந்தது. மாமாவிடம் நெடுங்காலம் வந்து போன ஒரு தரகர், காட்டிவிட்டுத் தருகிறேன் என்று நல்ல நீலக்கல் சிலதை வாங்கிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. மாமா பொலிசுக்குப் போகவில்லை. தெருவில் வயதில் மூத்த முதலாளிமார் சிலரிடம் போய் விஷயத்தை மட்டும் சொன்னார். அந்தத் தரகரின் தகப்பனாருக்குச் செய்தி போனது. அந்த மனுஷன் தன் வளவை விற்றுத் தவணை தவணையாகக் காசைக் கட்டினார். மகனுடைய கடனுக்கு ஒரு கையெழுத்துக்கூட அவர் போட்டதில்லை. அந்தக் காசை வாங்க மாமாவுக்குக் கை கூசியது என்று அம்மம்மா சொல்வார். தொடரில் தகப்பன் எஸ்ரா, மகனின் செயலைக் கேட்டு நிற்கிற இடத்தில் எனக்கு அந்தத் தகப்பனார்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

ஒருவர் விழுந்தால் மற்றவர்களும் சேர்ந்து அனுபவிப்பதற்குச் செட்டியார் தெருவின் பழைய கதையிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிருந்த வெளிநாட்டு வங்கிகள் உள்ளூர் வியாபாரிகளுக்கு நேரே கடன் கொடுக்க விரும்பவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கொடுத்தார்கள், அதுவும் வங்கியின் ஷ்ராஃப், அதாவது கடன் வாங்குகிறவருக்கு வங்கியிடம் பிணை நிற்கிற ஆள், பொறுப்பேற்றால். செட்டியார்கள் அதை வாங்கித் தீவு முழுக்கக் கடைக்காரருக்கும் காணிக்காரருக்கும் கொடுத்தார்கள். 1925இல் ஒரு செட்டியார் கொம்பனி முறிந்தது. முறிந்தது ஒன்றுதான். ஆனால் வங்கிகள் எல்லாச் செட்டியார்களுக்கும் கையை இறுக்கிவிட்டன. அவர்களை நம்பியிருந்த சின்ன வியாபாரிகளுக்கும் கடன் வரத்து வற்றியது. உள்ளூர் ஆட்களுக்குக் கடன் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு வளர்ந்து, 1934இல் வங்கி ஆணைக்குழு அறிக்கை தந்து, 1939இல் இலங்கை வங்கி தொடங்கியதுவரை அந்தக் கதை நீளும்.

இன்னொரு விஷயம், பார்க்கும்போது என் மனதைத் தொட்டது. ஏன் சில சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்லிலும் பொன்னிலும் நிற்கின்றன? எடுத்துக்கொண்டு ஓடலாம் என்பது அதற்கு ஒரு காரணம். 1940 மே மாதம் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் வந்தபோது ஆண்ட்வெர்ப் வியாபாரிகள் பலர் கல்லோடு லண்டனுக்குத் தப்பினார்கள். அங்கே அந்தக் கற்களைப் பதிந்து பாதுகாத்து, போர் முடிந்ததும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. தப்ப முடியாத யூதர்கள் மெச்செலென் முகாமில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து ரயிலில் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் திரும்பி வந்துதான் அந்த வைரத் தெருவை மறுபடி நிமிர்த்தினார்கள். வொல்ஃப்சன் வீட்டுப் பெரியவர்களின் பிடிவாதத்தை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். வெளி ஆளைச் சேர்க்காததும், அரச அதிகாரியைக் கண்டால் வாய் பூட்டுவதும் அங்கிருந்துதான் வருகின்றன.

எங்கள் தெருவும் 1983 ஜூலை இனக்கலவரத்தில் எரிந்த தெரு. எரிந்த கடையில் மேசையும் கண்ணாடியும் போகும். சேலை மடிப்பில் முடிந்த பொன் அகதி முகாம்வரை வரும். அதை வைத்துத்தான் எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின, சில பேர் திரும்பி வந்து அதே இடத்தில் பலகை மாட்டினார்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் காணி வாங்குவதா நகை வாங்குவதா என்று வந்தால் அம்மம்மாவின் வாக்கு நகைக்குத்தான்.

சரி, குறைக்கு வருகிறேன். நோவாவின் மாமியார் கெர்ரா லண்டனில் ஒரு குற்றக் கூட்டத்தின் தலைவி. அந்தக் கிளைக்கதை வரும்போதெல்லாம் தொடர் வேறு எங்கோ போய்விடுகிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் அப்படிப்பட்ட தாதாக்களை நாம் நூறு தொடரில் பார்த்துவிட்டோம். மேசையில் ஒரு மடிப்பைத் திறந்து வைத்து, இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் ஒருவரை ஒருவர் அளக்கிற காட்சியில் இருக்கிற பதற்றம், துப்பாக்கி நீட்டுகிற காட்சியில் எனக்கு வரவில்லை. பிற்பாதியில் துப்பாக்கியைக் குறைத்து, அதீனாவுக்கு அந்த நேரத்தைக் கொடுத்திருக்கலாம். வீட்டுப் பெண் அவள். தொழில் தெரிந்தவள், வீட்டையும் கணக்கையும் ஒருசேரத் தாங்குகிறவள். எங்கள் குடும்பங்களிலும் எந்த முதலாளிக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால் பட்டென்று சொல்வது அநேகமாக ஒரு பெண்தான். கடைப் பலகையில் மட்டும் அவர் பெயர் இராது.

தொடரைப் பார்த்துவிட்டு ஆண்ட்வெர்ப் என்றால் யூதர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1960, 70களிலிருந்து குஜராத்தின் பாலன்பூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஜைனக் குடும்பங்கள் அங்கே போய், முதலில் மற்றவர்கள் கவனிக்காத பொடிக் கற்களில் தொடங்கி, இன்று அந்த வியாபாரத்தின் பெரும்பகுதியை நடத்துகின்றன. பட்டை தீட்டும் வேலையும் பெரும்பாலும் ஆண்ட்வெர்ப்பை விட்டுப் போய்விட்டது. உலகத்து வைரங்களில் பத்துக்கு ஒன்பது சூரத்தில்தான் தீட்டப்படுகின்றன என்பார்கள். இலங்கையிலும் வெளியிலிருந்து கல்லைக் கொண்டுவந்து தீட்டித் திருப்பி அனுப்பும் தொழிற்சாலைகள் உண்டு. குஜராத்திக் குடும்பங்களும் அதே வாக்கு, அதே உறவு, அதே கல்யாண சம்பந்தம் என்றுதான் தொழிலை நடத்துகிறார்கள். மதம் வேறு, முறை ஒன்று.

குற்றம் பற்றி நிஜக் கதை வேண்டுமென்றால் 2003 பெப்ரவரியில் ஆண்ட்வெர்ப் டைமண்ட் சென்டரில் நடந்த திருட்டைத் தேடிப் படியுங்கள். லியோனார்டோ நோத்தார்பார்த்தொலோ என்ற இத்தாலியர் கல் வியாபாரி என்று சொல்லிக்கொண்டு அதே கட்டிடத்தில் அலுவலகம் எடுத்து, எல்லோரோடும் பழகி, நிலவறைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் தானும் ஒரு பெட்டி வைத்திருந்தார். ஒரு வார இறுதியில் அவருடைய கூட்டம் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை உடைத்துக் காலி செய்தது. நட்டம் 10 கோடி டொலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். நெடுஞ்சாலை ஓரம் எறிந்துவிட்டுப் போன குப்பைப் பைதான் அவர்களைக் காட்டிக் கொடுத்தது. அவருக்குப் பத்து வருடச் சிறை; கல்லில் பெரும்பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. அத்தனை பூட்டுக்கும் கமெராவுக்கும் முன்னால், அண்டைக் கடைக்காரர் என்ற முகம்தான் அவரை உள்ளே விட்டது.

கடைசியாக, எப்படிப் பார்ப்பது. ஆங்கில டப்பிங்கைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். மூலத்தில் அவர்கள் வீட்டுக்குள் இத்திஷ் (ஐரோப்பிய யூதர்களின் மொழி), வெளியே ஃபிளெமிஷ் (பெல்ஜியத்தில் பேசும் டச்சு), லண்டன் ஆட்களோடு ஆங்கிலம் என்று மாறி மாறிக் கதைக்கிறார்கள். யார் யாரோடு எந்த மொழிக்குத் தாவுகிறார் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. நோவா வீட்டுக்குள் நுழைந்த பிறகு எந்த மொழியில் பதில் சொல்கிறான் என்று கவனியுங்கள். எஸ்ராவாக வரும் டுடு ஃபிஷர் உண்மையில் யூதத் தொழுகைக் கூடங்களில் பாடிப் பெயர் எடுத்தவர், சனிக்கிழமை ஓய்வுநாளில் மேடை ஏறமாட்டேன் என்று நியூயோர்க்கின் பிராட்வே நாடக அரங்கிலேயே விலக்கு வாங்கி நடித்தவர். அவருடைய குரலை டப்பிங்கில் இழக்கக் கூடாது. முதல் எபிசோடில் பெயர்களும் உறவுமுறையும் கொஞ்சம் குழப்பும். இரண்டாவதில் எல்லாம் பிடிபட்டுவிடும். பிள்ளைகளோடு பார்க்கிற தொடர் இல்லை. தொடக்கமே தற்கொலை என்பதால், வீட்டில் அப்படி ஒரு துயரம் நடந்தவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.