ஒரே ஒரு சோறு போதும், அங்கிருந்து தொடங்குங்கள்

35 வயது, தனியாக இருக்கிறேன், மூன்று வேளையும் ஹோட்டல், வீட்டுச் சமையலை எங்கிருந்து ஆரம்பிப்பது, யூடியூப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடியோ பார்த்துத் தினம் ஒரு பண்டம் செய்து, நாலாம் நாள் வெறுத்துப்போய் மறுபடி ஹோட்டலுக்கே போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தினம் ஒன்று வேண்டாம். ஒரே ஒரு சோற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை படிகிற வரைக்கும் அதையே செய்யுங்கள். நான் கோயம்புத்தூர்க்காரன், எனக்கு அது அரிசிம்பருப்பு சோறு.

2022 ஆகஸ்டில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாக்கர் பிடித்து நாலு அடி நடக்கலாம், அடுப்படியில் நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்குப் பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை அளந்து எழுதுகிறவன். 'தேவையான அளவு உப்பு' என்று வீடியோவில் சொல்லும்போது எனக்குக் கோபமே வரும். எவ்வளவு தேவை என்று தெரியாமல்தானே பார்க்கிறோம்? அம்மாவைக் கேட்டால் அவரும் "கண்ணளவுதான் கண்ணு" என்றார். சரி என்று கல் உப்பை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு கட்டிலுக்கே போனேன். அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் நாலைந்து கல்லை ஓரமாக ஒதுக்கினார். "இது வேண்டாம், மிச்சத்தைப் போடு."

அந்த மிச்சத்தைத் தராசில் வைத்தேன். 11 கிராம். அடுத்த நாள் தராசு இல்லாமல் கை மதிப்பில் எடுத்துப் போனேன், மறுபடி ஒதுக்கினார். இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் விரல் வரவில்லை. பார்த்துவிட்டு "ம், போடு" என்றார். வேலையில் சேர்ந்த நாள்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அளவு சொல்கிறேன். 200 மில்லி டம்ளரில் பொன்னிப் பச்சரிசி ஒன்று, துவரம்பருப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் கழுவி இருபது நிமிஷம் ஊறப்போடுங்கள். அதற்குள் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல் உரித்துவிடலாம். குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், நாலு டம்ளர் தண்ணீர், அந்த 11 கிராம் உப்பு. கொதித்ததும் ஊறவைத்ததை வடித்துப் போட்டு மூன்று விசில், அப்புறம் சிம்மில் ஐந்து நிமிஷம். ஆவி தானாக அடங்கட்டும். இறக்கி ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்.

எனக்கு முதல் மூன்று நாளும் அரிசி குழைந்தது, பருப்பு மட்டும் முழுசு முழுசாக நின்றது. விசிலைக் கூட்டினேன், ஊறுகிற நேரத்தைக் கூட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் காரணம் போர் தண்ணீர். கடினத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. எங்கள் ஊர்க் குடிநீரான சிறுவாணித் தண்ணீரில் வைத்த அன்றைக்கே பூவாக மலர்ந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் போர் தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீரிலேயே வையுங்கள்.

'நாங்கள் தேங்காய்ச் சில் போடுவோம், தக்காளியே போட மாட்டோம்' என்று எங்கள் ஊர்க்காரர்களே வருவார்கள். உங்கள் வீட்டு வழக்கம் அதுவென்றால் அதுவும் சரிதான், நான் எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். தினமும் அதையே தின்பதா என்பவர்களுக்கு: ஒரு வேளைக்குத்தான் சொல்கிறேன், கூட ஒரு கீரை வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு சோற்றிலேயே தாளிப்பும் வதக்கலும் பருப்பு வேகிற பக்குவமும் கைக்கு வந்துவிடும். பருப்பைத் தனியாக வேகவைத்துப் புளியும் பொடியும் சேர்த்தால் சாம்பார். பருப்பு வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும், முன்னால் ஊற்றினால் வேகாமல் நின்றுவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் காலாகாலத்துல ஒரு புள்ளையைக் கட்டிக்கோன்னு சொன்னோம்" என்றார்கள். வருகிற பெண் சமையல் வேலைக்கா வருகிறாள்? அம்மா அந்த அடுப்படியில் 40 வருஷம் நின்றிருக்கிறார். இவர்களில் ஒருவர்கூட 'நன்றாக இருக்கிறது' என்று அவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. பத்து நாள் சமைத்த எனக்கு 'ஐயோ பாவம் பையன்'. அன்றைக்கு அம்மா ஒன்றும் பேசவில்லை, இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். தனியாக இருக்கிறீர்கள், கையைப் பார்த்து ஒதுக்க ஆள் இல்லை. குக்கரை மூடும் முன் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை ஆறவிட்டு உள்ளங்கையில் வைத்து நக்கிப் பாருங்கள். உப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். அப்படி இருந்தால் அரிசியும் பருப்பும் இழுத்துக்கொண்ட பிறகு சரியாக இருக்கும்.