யான் சென்சிங்: அஞ்சலிக் கட்டுரையின் அடித்தல்கள்

சீன எழுத்துக்கலை மேதை யான் சென்சிங் அரசியலிலும் பெரிய ஆளா என்பது கேள்வி. ஆம், அவருடைய கையெழுத்தின் புகழில் பாதி, அவர் வாழ்ந்த விதத்தால் வந்தது என்றே சொல்வேன்.

தாங் பேரரசில் 709-இல் பிறந்த அவர், 734-இல் அரசுத் தேர்வில் வென்று பதவிக்கு வந்தார். அமைச்சர் யாங் குவோசோங்கின் பகையால் பிங்யுவான் மாவட்டத்துக்கு ஆளுநராக அனுப்பப்பட்டபோது, எல்லைப் படைத்தலைவன் ஆன் லூஷான் பேரரசுக்கு எதிராகக் கலகம் செய்யக்கூடும் என்று ஊகித்து, மழையைக் காரணம் காட்டிக் கோட்டைச் சுவரைச் செப்பனிட்டு, அகழியை ஆழப்படுத்தி, தானியம் சேர்த்துவைத்துவிட்டு, வெளியே அறிஞர்களோடு படகில் மது அருந்திக் கவிதை பாடுபவர்போல் நடித்தார். 755-இல் கலகம் வெடித்தபோது பிங்யுவான் வீழவில்லை.

ஆனால், சென்சிங்கின் ஒன்றுவிட்ட அண்ணன் யான் காவோசிங்கும் அவர் மகன் ஜிமிங்கும் கலகக்காரர்களால் கொல்லப்பட்டனர். ஜிமிங்குக்காக 758-இல் சென்சிங் எழுதிய அஞ்சலி வரைவு இன்று தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. மை வற்றி வெளிறும் கோடுகளும், எழுதிய சொல்லை அடித்துவிட்டு ஓரத்தில் திருத்திய இடங்களும் அதில் அப்படியே நிற்கின்றன; அழகுக்காக எழுதப்படாத அந்தத் தாளை, செதுக்கியது போன்ற அவருடைய கல்வெட்டுகளைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

முதுமையில், அமைச்சர் லூ சியின் சூழ்ச்சியால் கலகத் தலைவன் லி சிலியேயிடம் தூது அனுப்பப்பட்டார். பதவி ஆசை காட்டியும் பணியாத அவரை, சிறைவைத்துப் பின்னர் 785-இல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.