வீட்டுக்குள்ளேயே மறைத்தால் யாருக்கு லாபம்?

கேள்வி: எங்கள் மகனுக்கு நாலரை வயது. ஆட்டிசம் என்று எட்டு மாதத்துக்கு முன்பு மருத்துவர் சொன்னார். எதையும் கேட்டு வாங்கத் தெரியவில்லை. டிவி விளம்பர வரிகளை மட்டும் அப்படியே ஒப்பிக்கிறான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். நாங்கள் கூட்டுக் குடும்பம். விஷயம் எனக்கும் கணவருக்கும் மட்டுமே தெரியும். நாத்தனாருக்கு வரன் பார்ப்பதால், அது முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்கிறார் அவர். மாமியாரோ நான் கைப்பேசியைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்கிறார். அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கிறார்கள். தலையில் சீப்பு பட்டாலே கத்துகிறவன் இவன். பள்ளியிலும் ‘வேறு இடம் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். நான் வேலையை விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

அன்புள்ள சகோதரி,

தேதி குறித்த காரியத்தை முதலில் பேசிவிடுவோம். மொட்டையைத் தள்ளிப்போடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொள்ளப் போகிறவர்கள் பங்காளிகள்தான்; அவர்களைச் சமாளித்துவிடலாம்.

மாமன் மடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் பின்னாலிருந்து தலையில் தண்ணீரைத் தெளித்து அழுத்தித் தேய்க்கிறார். கத்தி சுரண்டும் ஓசை மண்டைக்குள்ளேயே கேட்கிறது. ஈர முடி கொத்துக்கொத்தாகக் கழுத்தில் விழுந்து முதுகில் ஒட்டுகிறது. பக்கத்தில் மேளம். முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டியபடி நாலு பேர். எந்தக் குழந்தையும் இதற்கு அழும்தான். ஆனால் தொடுகையும் ஓசையும் பல மடங்கு உறைக்கிற பிள்ளைக்கு இது வெறும் அழுகையோடு முடிவதில்லை. கை ஒருவர், கால் ஒருவர் என்று அமுக்கிப் பிடித்து முடித்துவிடலாம். பிறகு சீப்பு, துண்டு, முடிதிருத்தும் கடை, அந்த மாமன், அந்தக் கோயில் எல்லாமே அவனுக்குப் பயமாகிவிடும். அந்தப் பயத்தைக் கரைக்க நீங்கள்தான் மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும்.

வேண்டுதல் மனதை உறுத்தினால் பூமுடி கொடுக்கலாமா என்று பூசாரியிடம் கேளுங்கள். கத்தரியால் இரண்டு மூன்று கற்றை முடி நறுக்கிக் காணிக்கை போடுவது நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் உள்ள வழக்கம்தான். கூட்டமில்லாத வார நாளில், மேளம் சொல்லாமல், வீட்டுக்காரர்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள். முழு மொட்டைதான் வேண்டும் என்றால் அதற்கு முன்தயாரிப்பு உண்டு. முடிவெட்டும் டிரிம்மரை முதலில் பக்கத்து அறையில் ஓடவிட்டு, அந்த ஓசை பழகியபின் அவன் கையிலேயே கொடுத்து, பிறகு முழங்காலில் வைத்து, கடைசியாகத்தான் தலைக்கு வர வேண்டும். அவன் பார்க்க அவன் அப்பா முதலில் மொட்டை போட்டுக்கொள்ளட்டும். கணவர் இதற்குச் சம்மதிக்கிறாரா பாருங்கள், நிறையத் தெரிந்துவிடும். காதுகுத்தை இதோடு சேர்க்கவே வேண்டாம். தோடு உறுத்தி அவன் இழுத்துக்கொண்டே இருந்தால் காது புண்ணாகும்.

ஆனால் இதை எல்லாம் எந்தக் காரணம் சொல்லிக் கேட்பீர்கள்? விஷயத்தைச் சொல்லாதவரை மாமியார் கண்ணுக்கு இவன் அடம்பிடிக்கிற பிள்ளை, நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்த தாய். மறைப்பதற்கான விலையை உங்கள் வீட்டில் தினமும் இரண்டு பேர் கட்டுகிறீர்கள். உங்கள் கணவர் அந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் அவருக்கு மறைப்பது சுலபமாக இருக்கிறது.

வரன் பார்க்கும் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நம் ஊரில் அது மெய்யான பயம். ஆட்டிசத்தில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் மழுப்பப் போவதில்லை. அதற்காக அத்தைக்குப் பிறக்கும் குழந்தைக்கும் வந்தே தீரும் என்று பொருளில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்கவும் வேண்டாம், ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பவும் வேண்டாம். ஆனால் பெண் பார்க்க வருகிற அன்று இவனைப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டுகிற நிலைக்கு மட்டும் போய்விடாதீர்கள். கல்யாணம் முடிந்தபின் தெரிந்தால் ‘மறைத்துக் கட்டிவைத்தார்கள்’ என்ற பேச்சைக் காலமெல்லாம் கேட்கப் போவது உங்கள் நாத்தனார்தான். அப்படியானால் அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர் கல்யாணத்துக்காக அவருக்கே தெரியாமல் ஒரு ரகசியம் காக்கப்படுகிறது! முதலில் அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் உங்களுக்குக் கிடைக்கப் போகும் முதல் துணை அவராகவே இருக்கலாம்.

மாமியாரிடம் உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. மருமகள் சொன்னால் சாக்கு. மகன் சொன்னால் செய்தி. நீளமான விளக்கம் தேவையில்லை. ‘அம்மா, இவன் மூளை ஓசையையும் தொடுகையையும் பேச்சையும் வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது. பிறவியிலேயே அப்படி. யார் வளர்ப்பும் காரணமில்லை. பழக்கினால் நிறையக் கற்றுக்கொள்வான்.’ இவ்வளவு போதும்.

கைப்பேசிக் குற்றச்சாட்டுக்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விவரித்து எழுதியது 1943இல். அந்தக் குழந்தைகளின் கையில் எந்தக் கைப்பேசி இருந்தது? பழியைத் தாய்மீது போடுவதும் புதிதில்லை. பாசமில்லாத தாயால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று அந்நாட்டு நிபுணர்களே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964இல் ஒரு புத்தகமே எழுதி அதை மறுத்தார். நிபுணர்களே கைவிட்ட பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. கைப்பேசியைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் காரணம் வேறு: மனிதர்களோடு கழிய வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது.

‘உன் புருஷனும் நாலு வயதில்தான் பேசினான்’ என்றும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். தாமதமாகப் பேசுகிற பிள்ளை, வாய் திறக்காவிட்டாலும் நிலாவை விரல் நீட்டிக் காட்டும். காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். உங்கள் மகன் வேண்டியதை விரலால் சுட்டுகிறானா, அல்லது உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் அலமாரியில் வைக்கிறானா? மருத்துவர்கள் கவனிப்பது இதைத்தான்.

சொல்லிமுடித்த கையோடு மாமியாருக்கு ஒரு வேலை கொடுங்கள். வேலை இல்லாத பாட்டிதான் குறை சொல்லும் பாட்டி! பருப்பு கடைகிற விளையாட்டு அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பங்கு கொடுத்து, பிறகு நண்டு ஊருது, நரி ஊருது என்று விரல்களால் கையில் ஏறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவது. தினமும் அதே நேரம், அதே பாய், அதே வரிசை. நாலைந்து நாளில் அவனுக்கு அடுத்தது என்ன என்று தெரிந்துவிடும். அப்போது நண்டு தோள்வரை ஏறியதும் பாட்டி சட்டென்று நிறுத்திவிட்டு, வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். அவன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால், அல்லது பாட்டியின் கையை இழுத்து அக்குளில் வைத்தால், ஏதோ ஓர் ஒலி எழுப்பினால், உடனே கிச்சுக்கிச்சு. கேட்டால் கிடைக்கும் என்பதை ஒரு பிள்ளை இப்படித்தான் கற்கிறது. பேச்சுப் பயிற்சியாளர்கள் பொம்மையும் ஊஞ்சலும் வைத்துச் செய்வதும் இதுவேதான். மெல்லிய தொடுகை அவனுக்குக் கூசினால் விரலை ஊர்த்தாமல் அழுத்தி அழுத்தி ஏறச் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்கு அழுத்தம்தான் பிடிக்கும்.

விளம்பர வரிகளையும் வீண் என்று தள்ளாதீர்கள். எந்த நேரத்தில் எந்த வரி வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிஸ்கட் விளம்பரம் பசிக்கிறபோது மட்டும் வருகிறதென்றால் அது பேச்சுதான். அவன் சொன்னதும் ‘பிஸ்கட் வேண்டும்’ என்று அவன் சொல்ல வேண்டிய மாதிரியே நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

குக்கருக்கு இரண்டு வழி: அவன் எழுவதற்குள் வைத்து இறக்கிவிடுவது, அல்லது பானையில் வடித்துவிடுவது. காலைப் போராட்டத்துக்குப் படங்கள் உதவும். இணையத்தில் எடுத்த படம் வேண்டாம். உங்கள் வீட்டுப் பல்துலக்கி, அவன் தட்டு, அவன் சீருடை, வாசலில் நிற்கும் அதே ஆட்டோ என்று நீங்களே படமெடுத்து, அச்சிட்டு, அவன் கண்மட்டத்தில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே எடுத்து ஒரு டப்பாவில் போடட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் காலை அலறலில் பாதி.

பள்ளி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் அது உண்டு. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையும் தருகிறது. ஆனால் வேண்டாவெறுப்பாக வைத்திருக்கும் பள்ளியில் சட்டத்தைக் காட்டிப் பிள்ளையை உட்காரவைப்பதில் எனக்கு உற்சாகமில்லை. ஒருமுறை பேசிப் பாருங்கள். முகம் கொடுக்காவிட்டால் வேறு பள்ளி தேடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இயங்கும் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் இப்படிப்பட்ட பிள்ளைகளை அரவணைக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அட்டை பீரோவில்தான் இருக்கப் போகிறது, யாரும் தண்டோரா போடப் போவதில்லை என்று கணவரிடம் சொல்லுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். மத்திய அரசின் கீழ் இயங்கும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழியுண்டு. தெரபிக் கட்டணத்தையும் அதில் கோரலாம். ‘ஆறே மாதத்தில் குணம்’ என்றோ ஸ்டெம் செல் ஊசி என்றோ யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது.

வேலையை இப்போது விடாதீர்கள். தெரபிக்குப் பணம் வேண்டும். அதைவிட முக்கியமாக, இவனைத் தவிர வேறு எதையாவது பற்றிப் பேசுகிற மனிதர்கள் உங்களுக்கு வேண்டும். நீங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் இவன் முழுக்க முழுக்க உங்கள் பொறுப்பு என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள், உங்கள் கணவர் உட்பட. வாரத்தில் ஒரு நாள் தெரபிக்கு அவர்தான் அழைத்துப்போக வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிடுங்கள். வெளியே காத்திருக்காமல் உள்ளே உட்கார்ந்து, பயிற்சியாளர் செய்வதைப் பார்த்துவந்து, வீட்டில் அவரே ஒருமுறை செய்துகாட்டட்டும். இதற்கு அவர் மறுத்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்; அடுத்த பதிலை அவர் பெயருக்கே எழுதுகிறேன்.