தண்ணீரைக் குறைத்தும் அப்பாவுக்கு எடை ஏறுவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 18 வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறோம். 5 மாதமாக வாரம் 3 முறை டயாலிசிஸ். தண்ணீரைக் குறைத்தும் ஒவ்வொரு முறையும் 3 கிலோவுக்கு மேல் ஏறிவிடுகிறது, தாகம் என்று தவிக்கிறார். சர்க்கரை இப்போது தானாகவே குறைகிறது, சில நாள் 70க்கும் கீழே. நோய் குணமாகிறதா? சோர்வுக்கு இளநீர் கொடுக்கலாமா?

முதலில் இளநீர். வேண்டவே வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் அதை வெளியேற்றாதபோது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். முன்கூட்டியே எந்த அறிகுறியும் தெரியாமல்கூடப் போகும்.

சர்க்கரை குறைவதும் குணமாவதால் இல்லை. உடம்பில் வேலை முடிந்த இன்சுலினைக் கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் ஊசி போட்ட இன்சுலின் நெடுநேரம் உடம்பிலேயே தங்கும், பழைய அளவே இப்போது அதிகமாகிவிடும். காலையில் அப்பாவின் தலையணை உறை வியர்வையில் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், நனைந்திருந்தால் இரவில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அளந்து பார்த்து 70க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள் (பழச்சாறு வேண்டாம், அதிலும் பொட்டாசியம்தான்), 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஒரு வார அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

சரி, எடைக்கு வருவோம். வீட்டில் எல்லாரும் தண்ணீரையே காவல் காக்கிறார்கள், உப்பை யாரும் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைனில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது, உடம்பும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் உப்போடு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று உள்ளே போனால் தாகம் எடுக்கத்தான் செய்யும், அதை அவர் மன உறுதியால் அடக்க முடியாது, தயவுசெய்து அதற்காக அவரைத் திட்டாதீர்கள். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் நிறுத்துங்கள். கடையில் சோடியம் குறைந்தது என்று விற்கிற உப்பை வாங்கிவிடாதீர்கள், சோடியத்துக்குப் பதிலாக அதில் பெரும்பாலும் பொட்டாசியத்தைத்தான் சேர்க்கிறார்கள். சர்க்கரை 250, 300 என்று ஏறுகிற நாளிலும் தாகம் எடுக்கும், அதையும் கவனியுங்கள்.

தண்ணீர் அளவு பொதுவாக முந்தின நாள் போன சிறுநீரோடு 500 மில்லி, உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. அந்த அளவுக்குக் காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மேசையில் வையுங்கள். காபி, ரசம், கஞ்சி என எது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள், வெறும் தண்ணீர் குடிக்கவேண்டுமானால் அந்தப் பாட்டிலிலிருந்தே குடிக்கட்டும். மீதி எவ்வளவு என்று அவர் கண்ணுக்கே தெரியும், நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பட்டும், இல்லையென்றால் ஒரு சின்ன ஐஸ் துண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏறின 3 கிலோவை 4 மணி நேரத்தில் எடுக்கும்போது பிரஷர் இறங்கும், கால் சதை பிடித்து இழுக்கும், டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிற ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளவும் கூடும். டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிற நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள். தினமும் காலையிலும் இரவிலும் விரலை அதன்மேல் லேசாக வைத்துப் பாருங்கள், பூனையைத் தடவும்போது உள்ளே உறுமுமே, அப்படி ஒரு அதிர்வு இருக்கவேண்டும். அது இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே, நடு இரவானாலும், யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள்.